கட்டணமும் கைவரவும்: கரக்பூர் தொட்டு ஒரு வீட்டுக் கணக்கு

போன நவராத்திரி சமயத்தில் சங்கக் கட்டடத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றபோது, நம் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போய் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. "சார், நீங்க நாற்பது வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவர். ஐ.ஐ.டி.க்கு வருஷம் ரெண்டு லட்சம் கட்டணுமாம். போட்ட பணம் திரும்பி வருமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்" என்றார். நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் நச்சரித்துக்கொண்டிருந்ததால், அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதப் போனால் அது வரலாறாகிவிட்டது. கட்டணம் என்பது இன்றைக்கு நேற்றைக்கு முளைத்த விஷயமல்லவே.

கதை நம் ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இனி வரப்போகும் தொழிற்சாலைகளுக்கு எஞ்சினீயர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி அன்றைய சர்க்காருக்கு எழுந்தது. வங்காளத்தைச் சேர்ந்த நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் 22 பேர் கொண்ட குழு அமைந்தது. 1946-ல் அது கொடுத்த இடைக்கால அறிக்கை, நாட்டின் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு திசைக்கும் ஒன்றாக உயர்தொழில்நுட்பக் கழகங்கள் வேண்டும் என்றது. முதலாவது கிழக்கில் அமைந்தது. 1950-ல் கல்கத்தாவின் எஸ்பிளனேட் கிழக்கு 5-ஆம் எண் கட்டடத்தில் அலுவலகம் திறந்து, சில மாதங்களில் கரக்பூரை அடுத்த ஹிஜ்லிக்கு மாறினார்கள்.

ஹிஜ்லி என்றால் அன்று சிறைச்சாலை. ஆங்கிலேயர் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த இடம். 1931 செப்டம்பர் 16 அன்று அங்கே காவலர்கள் சுட்டதில் சந்தோஷ்குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். அவர்களின் உடல்களைப் பெற்றுக்கொள்ள சுபாஷ் சந்திர போஸே நேரில் வந்தார். அந்தச் சிறைக் கட்டடத்தில்தான் 1951 ஆகஸ்ட் 18 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யைத் தொடங்கி வைத்தார். 224 மாணவர்கள், 42 ஆசிரியர்கள். முதல் இயக்குநர், அதற்கு முன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை நடத்திய ஜே.சி. கோஷ். பிறகு பம்பாய், சென்னை, கான்பூர், டில்லி என்று ஒவ்வொன்றாக வந்தன. பம்பாய்க்கு சோவியத் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா, டில்லிக்கு பிரிட்டன். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

கட்டணத்துக்கு வருவோம். அந்த நாளில் ஐ.ஐ.டி.யில் படிப்புக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஏன் இவ்வளவு குறைவு? தர்மத்துக்காக இல்லை. பிலாயும் ரூர்கேலாவும் துர்காபூரும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அணைக்கட்டுக்கும் உருக்காலைக்கும் ஆள் தேவைப்பட்டது. மாணவனைத் தயார் செய்வது அரசாங்கத்துக்கு இயந்திரம் வாங்குவது போல ஒரு முதலீடு. இயந்திரத்திடம் யாராவது கட்டணம் கேட்பார்களா?

ஆனால் கட்டணம் குறைவு என்பதால் படிப்பு மலிவு என்று ஆகிவிடாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பாவின் வரவு செலவு நோட்டுதான்.

அப்பா 1949-ல் கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்தவர். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்டு ஹையர் என்ற இரண்டு சான்றிதழ்தான் சொத்து. நம்மவர்களில் அந்தத் தலைமுறை முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே வந்தார்கள்! லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டுக்குடித்தனம். நாங்கள் மூன்று பையன்கள், நடுவில் இரண்டு பெண்கள். 1967-ல் பெரியண்ணனுக்குக் கரக்பூரில் இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். மூன்று நாள் கழித்து அண்ணன் அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "எஞ்சினீயருக்கே வேலை இல்லேன்னு பேப்பர்ல போடறான்ப்பா. அஞ்சு வருஷம் நான் படிச்சிண்டிருந்தா இங்கே யார் சமாளிக்கறது? நான் ஷார்ட்ஹேண்டு முடிச்சுட்டு ஆபீஸ் போறேன்."

அண்ணன் சொன்னது பொய்யில்லை. 1966-க்குப் பிறகு நாட்டில் தொழில் மந்தம். வங்காளத்தில் அது இன்னும் கடுமை. பட்டம் வாங்கிய எஞ்சினீயர்கள் வேலை தேடி அலைந்ததை அந்த வருடங்களில் இந்த ஊரில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அண்ணன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். ஐந்து வருடம் கழித்து, 1972-ல், கடைசித் தம்பி அதே கரக்பூரில் சேர்ந்தான். நோட்டில் அப்பாவின் குண்டு எழுத்தில் இருக்கிறது: ஐந்து வருடத்துக்கும் சேர்த்துப் படிப்புக் கட்டணமும் மற்ற கட்டணங்களும் ரூ. 1,340. மெஸ் பில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே வேண்டும் என்று நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது என் தொழில் புத்தியைக் காட்டுகிறேன். தனியார் சம்பளம் ஆளுக்கு ஆள் மாறும். மத்திய அரசு ஊதியக் குழுக்களின் எண்கள்தான் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல். மூன்றாவது ஊதியக் குழுவின்படி 1973 முதல் கீழ்நிலை எழுத்தருக்குத் தொடக்கச் சம்பளம் 260 ரூபாய். எஞ்சினீயரிங் பணித் தேர்வு எழுதி முதல் வகுப்பு அதிகாரியாகச் சேர்ந்தால் 700 ரூபாய். ஐந்து வருடம் படித்தவன், எழுத்தராகப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 260 ரூபாயை 60 மாதம் இழக்கிறான். 15,600 ரூபாய். இதோடு கட்டணம் 1,340. ஆக முதலீடு 16,940. வேலைக்குப் போன பிறகு மாதாமாதம் 440 ரூபாய் கூடுதலாக வருகிறது. வகுத்துப் பாருங்கள், 38 மாதத்தில் போட்டது திரும்பி வந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மொத்த முதலீட்டில் கட்டணம் நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. மீதியெல்லாம் ரசீது இல்லாத செலவு. எங்கள் வீட்டில் அந்த ரசீது இல்லாத செலவை அண்ணன் கட்டினார்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கணக்கைப் போடவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சகோதரிகள் இருவரும் கணிதத்தில் எங்களைவிடக் கெட்டி. கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் 1940-லேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப் படித்த முதல் பெண்களில் ஒருவர் ஏ. லலிதா. சென்னையில் பிறந்து, சிறு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு மின்பொறியியல் படித்தவர். அவர் பல வருடம் வேலை பார்த்தது இதே கல்கத்தாவில். எங்கள் தெருவிலிருந்து டிராமில் போய்ப் பார்க்கும் தூரத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்கத் தொடங்கியது 2018-ல்தான்.

1991-ன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சர்க்காரின் பேச்சு மாறியது. இயந்திரத்திடம் இப்போது கட்டணம் கேட்கத் தொடங்கினார்கள். 1992-93-ல் நீதிபதி புன்னய்யா குழு, மத்தியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் செலவில் 15 சதவீதத்தையாவது தாமே திரட்ட வேண்டும், பத்து வருடத்தில் அதை 25 ஆக்க வேண்டும் என்றது. "சர்க்கார் பணத்தில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போகிறார்கள்" என்ற குறையும் பத்திரிகைகளில் சூடாக இருந்த நேரம். அதை ஒருவர் ஆராய்ந்தே பார்த்தார். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் சுகாத்மே, இந்திரா மகாதேவனுடன் சேர்ந்து, 1973 முதல் 1977 வரை அங்கே பட்டம் பெற்றவர்களைத் தேடிக் கணக்கெடுத்தார். வெளிநாட்டில் தங்கிவிட்டவர்கள் சுமார் 31 சதவீதம். ஊரில் பேசப்பட்டது போல எல்லாரும் போய்விடவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இங்கேதான் இருந்தார்கள். போனவர்களில் சிலரும் வெறுங்கையோடு மறந்துவிடவில்லை. 1970-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்து அமெரிக்கா போன கிருஷ்ணா சிவுகுலா 2024-ல் தன் கழகத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். இங்கேயே இருந்து இன்ஃபோசிஸை வளர்த்த நந்தன் நிலேகனி பம்பாய் ஐ.ஐ.டி.க்குக் கொடுத்தது மொத்தம் 400 கோடி. வருடம் சில நூறு ரூபாய் கட்டணத்துக்கு இது மோசமான வட்டி இல்லை!

2008-ல் வருடக் கட்டணம் 25,000-லிருந்து 50,000 ஆனது. 2011-ல் அனில் ககோட்கர் குழு, நடைமுறைச் செலவை ஈடுகட்ட 2 முதல் 2½ லட்சம் வரை வாங்கலாம் என்று பரிந்துரைத்தது. 2013-ல் 90,000. 2016-ல் ஒரே தாவலாக 2 லட்சம். அப்போது நம் வீடுகளில் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். ஆனால் அந்த அறிவிப்பிலேயே இன்னொரு பாதியும் இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் வருடம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்கும் முழுத் தள்ளுபடி. ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆக, முழு 2 லட்சமும் விழுவது நடுத்தர மாதச் சம்பளக்காரர் தலையில். அதாவது இந்த மலரைப் படிக்கிற பெரும்பாலோர் தலையில்.

இது அதிகமா, குறைவா? மறுபடி அதே அளவுகோல். 2008-ல் புதிதாகச் சேர்ந்த முதல் வகுப்பு அதிகாரியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து இரண்டு மாதம் வாங்கினால் ஒரு வருடக் கட்டணம் அடங்கியது. 2016-ல் அது மூன்றரை மாதச் சம்பளமாக ஏறியது, வலித்தது நியாயம்தான். அதன் பிறகு பி.டெக். கட்டணம் 2 லட்சத்திலேயே நின்றது, பஞ்சப்படி ஏறிக்கொண்டே போனது. 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதவீதம் ஆனபோது அதே 2 லட்சம் இரண்டரை மாதச் சம்பளத்துக்குள் வந்துவிட்டது. சத்தமில்லாமல் பழைய இடத்துக்குக் கிட்டே இறங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இனி 1973-க்குப் போட்ட கணக்கை 2024-க்கும் போடுவோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி எழுத்தரின் தொடக்கம் 19,900. எஞ்சினீயரிங் பணி அதிகாரியின் தொடக்கம் 56,100. பஞ்சப்படி சேர்த்தால் 29,850-ம் 84,150-ம். நான்கு வருடம் படிப்பவன் இழக்கும் எழுத்தர் சம்பளம் 14 லட்சத்து 33 ஆயிரம். கட்டணம் 8 லட்சம். மொத்தம் 22 லட்சத்து 33 ஆயிரம். மாத வித்தியாசம் 54,300. வகுத்தால் 41 மாதம்! அப்பா காலத்தில் 38, இப்போது 41. ஐம்பது வருடத்தில் மாறியது மூன்றே மாதம். இதை முதலில் போட்டபோது எனக்கே சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். மாறியது உள்ளே இருக்கும் பங்குதான். அன்று கட்டணம் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு, இன்று நூற்றுக்கு முப்பத்தாறு. (அன்று ஐந்து வருடம், இன்று நான்கு என்றாலும், அன்று பள்ளி பதினோரு வருடம், இன்று பன்னிரண்டு. கூட்டினால் ஒன்றுதான்.)

இந்தக் கணக்கைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டம் வாங்கியவர் எல்லாரும் 84,150-க்குப் போவதில்லை. அதற்குத் தனிப் பரீட்சை, தனிப் போட்டி. பெரிய மென்பொருள் கம்பெனிகள் சாதாரண எஞ்சினீயரிங் பட்டதாரிக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. மாதம் 29,000 சொச்சம். எழுத்தர் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைச்சல்! அந்த நிலையில் வகுக்க மாத வித்தியாசமே இல்லை. போகப் போகச் சம்பளம் ஏறும் என்பது உண்மை, எழுத்தர் வேலை சும்மா கிடைத்துவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் "எஞ்சினீயரிங் படித்தால் போதும்" என்று நம்பி நிலத்தை அடகு வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். ஐ.ஐ.டி.யிலேயே 2024-ல் வளாகத் தேர்வுக்குப் பதிந்தவர்களில் கணிசமானோர் வேலை கிடைக்காமல் நின்ற செய்தியைப் பார்த்தோம். கோடி ரூபாய்ச் சம்பளம் என்று முதல் பக்கத்தில் போடுகிறார்களே, அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. அதிலும் கம்பெனிப் பங்கு, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்த எண்.

நுழைவதற்கு முன் ஆகும் செலவையும் யாரும் எழுதி வைப்பதில்லை. என் தம்பி காலத்தில் பழைய கேள்வித்தாளும் ஒரு சீனியர் கொடுத்த நோட்டும்தான். அடுத்த தலைமுறைக்குச் சென்னை தி. நகரிலிருந்து பிரில்லியன்ட் டுடோரியல்ஸ் பொட்டலம் தபாலில் வரும். போஸ்ட்மேன் அதைக் கொடுக்கும்போது அக்கம்பக்கத்து வங்காளிகள் எட்டிப் பார்ப்பார்கள். இப்போது கோட்டா. பயிற்சிக் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று இரண்டு வருடத்தில் ஐ.ஐ.டி.யின் இரண்டு வருடக் கட்டணத்தை அங்கேயே கட்டிவிடுகிறார்கள். 2024-ல் அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் 1,80,000 பேர், இருந்த இடங்கள் 17,740. பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பயிற்சிச் செலவு ஐ.ஐ.டி. தராத செலவு.

கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001-ல் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்த பிறகு நாலு லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கத் தொடங்கியது. 2015-ல் வந்த உத்தரவாத நிதியால் அது ஏழரை லட்சம் வரை நீண்டது. வருடம் 2 லட்சமாக 8 லட்சம், 9 சதவீத வட்டிக்கு எடுத்தால், படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடத்திலும் சேரும் வட்டியோடு பத்தரை லட்சம் ஆகிவிடும். பத்து வருடத் தவணை மாதம் சுமார் 13,300. அதிகாரியின் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்குள். 29,000 வாங்குகிறவருக்கு ஏறக்குறையப் பாதி.

வெளிமாநிலத் தமிழர்களான நமக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு. எந்த மாநிலம் என்பதைப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய ஊர்தான் தீர்மானிக்கிறது. இங்கே எழுதினால் நம் பிள்ளை வங்காளப் பிள்ளை. துர்காபூரில் சலுகை, திருச்சியில் இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் போனாலோ எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத குறைக்கு, பூர்வீகம் தமிழ்நாடு என்று சான்றிதழ் கொண்டு வா என்பார்கள். தாத்தாவின் கிராமத்தில் தாசில்தார் அலுவலக வாசலில் நின்ற அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. நான் பார்த்தவரை, இந்த இரண்டு விதியையும் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் தெரிந்துகொண்ட வீடுகள் தப்பித்தன. விண்ணப்ப நேரத்தில் தெரிந்துகொண்டவர்கள் தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டினார்கள்.

நம் ஊரிலேயே இன்னொரு கதவும் உண்டு. 1906-ல் சுதேசி இயக்கத்தின்போது தேசியக் கல்விக் கவுன்சிலாக முளைத்து, 1955-ல் பல்கலைக்கழகமான ஜாதவ்பூர். அங்கே எஞ்சினீயரிங் நான்கு வருடத்துக்கும் சேர்த்துப் படிப்புக் கட்டணம் இன்னும் பத்தாயிரம் ரூபாய் அளவில்தான். என் நோட்டுக் கணக்கில் ஐம்பது வருடம் பின்னால் போய் நிற்கும் கல்லூரி அது.

கணக்கை முடித்த பிறகு அந்த அன்பரை வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பாவின் நோட்டைக் காட்டினேன். 1972 ஜூலைப் பக்கம். கரக்பூர் சேர்க்கைக் கட்டணம் என்று ஒரு வரி, அதற்கு நேரே சின்ன எழுத்தில் "பெரியவன் கொடுத்தது". மேலே புரட்டினால் மாதாமாதம் அதே இரண்டு வார்த்தை, ஐந்து வருடம். அண்ணனுக்கு இப்போது எழுபத்தைந்தை ஒட்டிய வயது. இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். 38 மாதம் என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "தம்பி கணக்கு சரி. என் கணக்கை எதுல வகுத்தே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்பரின் மகளுக்குத் தொலைவில் ஒரு புது ஐ.ஐ.டி.யில், அவள் கேட்காத பிரிவில், இடம் கிடைத்தது. அவள் ஜாதவ்பூரில் சேர்ந்துவிட்டாள். காலையில் 8பி ஸ்டாண்டில் இறங்குகிறாளாம். மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து.